முன்னூறு மார்க் பாக்கி

அல்மாசாவின் கைப்பையில் ஏழாயிரத்து நூற்றெண்பது மார்க் பணம் இருந்தது. அதை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வங்கிக்குப் போன விதத்தைப் பார்த்தவர்கள், பைக்குள் கைக்குழந்தை தூங்குகிறது என்றே நினைத்திருப்பார்கள். டிராமில் ஏறவில்லை. கூட்டத்தில் எவனாவது கை வைத்துவிடுவான் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையான காரணம், டிக்கெட் ஒன்று எண்பது.

"இன்னியோட என் வீட்டுக் கடனை முடிச்சிடும்மா," என்றாள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அய்லா என்ற பெண்ணிடம்.

அய்லா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "மேடம், இது இருபது வருஷக் கடன். இன்னும் ஒன்பது வருஷம் இருக்கே."

"இருக்கு. அந்த ஒன்பதும் எனக்கு வேணாம்."

"முன்கூட்டி முடிச்சா ரெண்டு சதவீதம் கட்டணம் உண்டு மேடம். நூத்தி நாப்பத்தி மூணு மார்க் அறுபது."

அல்மாசா சரயேவோவின் பழைய கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருப்பவள். அவள் அப்பாவும் அதே கடையில்தான் இருந்தார். சொன்ன விலைக்குப் பொருள் வாங்குகிறவர்களை அந்தக் குடும்பத்தில் நோயாளிகளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

"ஏம்மா, கடன் வாங்கினவ ஓடிப்போனா அபராதம் போடுறீங்க, சரி. ஓடிவந்து கட்டினாலுமா?"

"விதி மேடம்."

"நூறு."

"மேடம், இது வங்கி."

"நூத்திப் பத்து. அதுக்கு மேல ஒரு காசு கேட்டா எழுந்து போயிடுவேன்."

எழுந்தும் விட்டாள். வாங்க வந்தவர் எழுந்தால், நாலு அடிக்குள் கடைக்காரர் கூப்பிட்டாக வேண்டும். கடைத்தெருவில் இது தவறியதே இல்லை. அல்மாசா வாசல் வரை மெதுவாக, கூப்பிடுவதற்கு வசதியாக நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து, போ என்று வேறு வழிவிட்டது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குடையை மறந்துட்டேன்," என்றாள். குடை அவள் கையில்தான் இருந்தது.

அய்லா நல்ல பெண். குடையைப் பார்க்காததுபோல இருந்தாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்தோ என்னவோ சொன்னாள்: "கட்டி முடிச்சதும் உங்க ஜாமீன்தாரருக்கு ஒரு கடிதம் போகும் மேடம். இனிமே உங்களுக்கு அவங்க பொறுப்பு இல்லைன்னு. பதினோரு வருஷம் கழிச்சு நிம்மதியாத் தூங்குவாங்க, பாவம்."

பையைத் திறக்கப் போன அல்மாசாவின் கை அப்படியே நின்றது.

பதினோரு வருடங்களுக்கு முன்பு இதே வங்கியில் நிரப்பிய விண்ணப்பத்தில் 'துணைவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அல்மாசா அதில் ஒரு கோடு போட்டாள். 'துணைவரின் வருமானம்.' இன்னொரு கோடு. 'துணைவரின் உடல்நிலை.' அதற்குள் கோடு போடுவதில் கை தேர்ந்துவிட்டது. அன்றைக்கு இருந்த அதிகாரி அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒத்தை ஆளு. மாசச் சம்பளமும் கிடையாது. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நாங்க யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றார். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவரை ஜாமீனுக்குக் கூட்டிவரச் சொன்னார்.

இந்த ஊரில் சிறுநீரகம் கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். ஜாமீன் கையெழுத்து கேட்டால் அந்த வாரமே வீடு மாறிவிடுவார்கள். கடன் வாங்கினவர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வங்கி மாதாமாதம் பிடித்துக்கொள்ளும். அல்மாசாவின் தங்கை புருஷன், விஷயத்தைக் கேட்டதும் முதுகுவலி என்று படுத்தான். எழுந்திருக்க ஒன்றரை மாதம் ஆனது.

கடைசியில் கையெழுத்துப் போட்டது முனீரா. நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். கடைக்கு மீட்டர் பார்க்க வந்தவள், கதையைக் கேட்டுவிட்டு, அலமாரியில் இருந்த ரோமம் வைத்த குளிர்கால பூட்ஸைப் பார்த்தாள்.

"வருஷம் ஒரு ஜோடி. கடன் முடியற வரைக்கும்," என்றாள்.

"ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், அக்கா."

"அப்போ ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் ஜாமீன்."

அல்மாசாவுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி, தவணை நாளன்று, காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். "கட்டினியாடி?" என்பாள் முனீரா. கட்டியாயிற்று என்றதும் அடுத்த விசாரணை தொடங்கும். "குரல் ஏன் கரகரங்குது? இருமுறியா? எத்தனை நாளா? வெளியில ஐஸ் உறைஞ்சு கிடக்கு, விழுந்து இடுப்பை உடைச்சுக்காதே. உன் இடுப்பு உடைஞ்சா என் சம்பளம் உடையும்." வீட்டுக்கு மீட்டர் பார்க்க வந்தால் அதுவும் ஒரு மருத்துவப் பரிசோதனைதான். "மாசத்துக்கு ஒரு யூனிட்டுதான் ஓடியிருக்கு. குளிக்கிறியா, இல்ல துண்டை நனைச்சுத் துடைச்சுக்கிறியா?" போகும்போது, கீரை வைத்துச் சுருட்டிச் சுட்ட பீத்தாவை மேசையில் வைத்துவிட்டுப் போவாள். ரத்தம் ஊறுமாம். கடன்காரிக்கு ரத்தம் முக்கியமாம்.

ஆறாவது வருடம் அல்மாசாவுக்குப் பித்தப்பையில் கல். அறுவைக்கு முன் முனீரா டாக்டரை வராந்தாவில் மடக்கினாள். "பாத்து வெட்டுங்க டாக்டர். இவ மேல இன்னும் பதினாலு வருஷம் பாக்கி இருக்கு." இரண்டு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் சூப்புப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். "உங்க அக்காவா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இல்ல, என் ஜாமீன்," என்றாள் அல்மாசா, தையல் வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டு.

இந்தப் பதினோரு வருடமும் அல்மாசா வாழ்ந்த வாழ்க்கையை சிக்கனம் என்று சொன்னால் சிக்கனமே கோபித்துக்கொள்ளும். ஒரே காப்பித்தூளை இரண்டு தடவை கொதிக்க வைத்தாள். இரண்டாவது தடவை வருவதற்கு என்ன பெயர் என்று அவளுக்கே தெரியாது. ஒன்றரை அறை வீட்டில் அரை அறைக்கு மட்டும் கணப்பு. நல்லது நடந்தவர் மற்றவர்களுக்கு விருந்து வைப்பது இங்கே எழுதாத சட்டம். கார் வாங்கினாலும், பேரன் பிறந்தாலும், பல் கட்டினாலும்கூட விருந்துதான். எல்லார் விருந்திலும் அல்மாசா சாப்பிட்டாள். அவள் முறை வரும்போதெல்லாம், "என் கடன் முடியட்டும், தெரு முழுக்க செவாப்பி என் செலவு," என்பாள். பக்கத்துச் செம்புக் கடை ஜெமால் அதைச் சுவரில் எழுதி வைக்காத குறை. "பத்துத் துண்டு சுட்ட இறைச்சித் தட்டு வருஷா வருஷம் விலை ஏறுது, அல்மாசா. சீக்கிரம் முடி," என்பார்.

முடிக்கத்தான் வந்திருக்கிறாள். யாருக்கும் ஒரு காசு தரவேண்டியதில்லை என்ற நிலையில் சொந்தத் தரையில் கை காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். ஆனால் அந்தக் கடிதத்தை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. முனீராவுக்குக் கடிதம் போகும். முனீரா நிம்மதியாகத் தூங்குவாள். ஐந்தாம் தேதி ஏழு மணிக்கும் தூங்குவாள்.

வேறு யார் கூப்பிடுவார்கள் என்று அல்மாசா யோசித்துப் பார்த்தாள். பெருநாளுக்குத் தங்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரின் உதவியாளர். ஒரு தடவை, எண் தவறி அடித்த ஒருவர், எடுத்தது யாரோ ஹாரிஸ் என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் அன்பாகப் பேசினார். அவள் குறுக்கிடவில்லை.

"மேடம்?" என்றாள் அய்லா.

"கொஞ்சம் பாக்கி வைக்கலாமாம்மா?"

"எதுல?"

"கடன்ல. சும்மா, ஒரு முன்னூறு. மாசம் இருபத்தஞ்சு கட்டிக்கிறேன்."

அய்லா அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "பணம் கையில இருக்கு. கடன் எதிர்ல இருக்கு. அப்புறம் ஏன் மேடம்?"

"கட்டணத்துல ஆறு மார்க் குறையுதுல்ல?"

இப்படியாக, வீட்டுக் கடனை ஒன்பது வருடம் முன்னதாக அடைக்கும் சாமர்த்தியத்தோடு உள்ளே போனவள், அதை முழுதாக அடைக்காமல் வெளியே வந்தாள். வழியெல்லாம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். ஆறு மார்க் லாபம். செவாப்பிச் செலவும் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஒரு கருமி செய்யக்கூடிய காரியம்தான் இது, சந்தேகமில்லை. கருமி என்ற பெயர் அவளுக்குப் பழைய செருப்பு மாதிரி, எங்கும் கடிக்காது. அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பெயர்தான் கடிக்கும். அதைக் காலில் போட்டுப் பார்க்க அவள் தயாராக இல்லை.

நவம்பர் ஐந்து, காலை ஏழு மணி. "கட்டினியாடி?"

"கட்டிட்டேன் அக்கா." பொய்யில்லை. இருபத்தைந்து மார்க் கட்டியிருந்தாள்.

"தும்மற. வெந்நீர்ல காலை வை."

அந்தக் குளிர்காலத்து பூட்ஸை அல்மாசா முகம் சுளிக்காமல் எடுத்துக்கொடுத்தாள். நல்ல தோலாகப் பார்த்தும் கொடுத்தாள். முனீரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏன்டி, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்று கவலைப்பட்டாள்.

டிசம்பரும் ஜனவரியும் அப்படியே போயின. ஜனவரி நடுவில் ஒரு நாள் முனீரா பூட்ஸில் ஒட்டிய பனியை உதறாமல் கடைக்குள் வந்தாள். மீட்டர் பக்கம் போகவில்லை. அரை மணி நேரமாக ஒரு ஜோடி செருப்பைத் தடவிக்கொண்டிருந்தவரிடம், "கடை மூடியாச்சு," என்றாள். அவர் போய்விட்டார்.

"அக்கா! அவரு வாங்கற மாதிரி இருந்தாரு."

"நீயும் கடனை அடைக்கற மாதிரிதான் இருந்தே." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டாள். "மீட்டர் பாக்க நான் ஏறுற மலையில எத்தனை படின்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். ஒவ்வொரு படியும் இங்க வந்து உக்காந்திருக்கு. டாக்டர் நடக்காதேன்னுட்டான். சின்னதா ஒரு பழைய கார் எட்டாயிரத்துக்கு வருது, சரின்னு நேத்து கடன் கேக்கப் போனேன். அந்த அய்லாப் பொண்ணு கம்ப்யூட்டரைத் தட்டிட்டுச் சொல்றா, 'நீங்க ஏற்கெனவே ஒருத்தருக்கு ஜாமீன், அது தீர்ற வரைக்கும் உங்க சம்பளத்துக்கு வேற கடன் கிடையாது'ன்னு."

அல்மாசா ஒரு செருப்பை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"சரி, எவ்ளோ பாக்கின்னு கேட்டேன். ஏழாயிரமா, ஆறாயிரமா? இருநூத்தி இருபத்தஞ்சாம்! நான் அந்தப் பொண்ணை மறுபடியும் தட்டச் சொன்னேன். மறுபடியும் இருநூத்தி இருபத்தஞ்சு. அக்டோபர்ல ஒரே நாள்ல ஏழாயிரத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்க. துடைச்சது போதும்டி, அது துணிச் செருப்பு."

அல்மாசா செருப்பைக் கீழே வைத்தாள்.

"வெங்காயத்துல அரைக் காசுக்குச் சண்டை போடற ஆளு நீ. முன்னூறு மார்க்கை மறந்தேன்னு சொல்லாதே. தெருவுக்கு செவாப்பி வாங்கித் தரணுமேன்னு பயந்தியா?"

தப்பிக்கும் வாசலை முனீராவே திறந்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்; கருமி என்று நாலு திட்டு விழும், முடிந்துபோகும். அல்மாசா ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நீ அப்புறம் போன் பண்ண மாட்டியேன்னு," என்று வந்தது.

முனீரா ஸ்டூலோடு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள்.

"அதுக்காக," என்றாள் முனீரா மெதுவாக, "மாசம் இருபத்தஞ்சு மார்க் கட்டி என்னை வாடகைக்கு வச்சிருந்தியா?"

"அப்படிச் சொன்னா அசிங்கமா இருக்கு அக்கா."

"தொகைதான் அசிங்கமா இருக்கு. இருபத்தஞ்சா? ஒரு நாப்பதாவது போட்டிருக்கக் கூடாதா?"

"நீ சம்பளத்துக்குப் பயந்துதானே விசாரிச்சே?"

"முதல் வருஷம் சம்பளத்துக்குத்தான். யார் இல்லேன்னா? அப்புறம் உன் தும்மல் பழகிப்போச்சு. அதையெல்லாம் ஒருத்தர்கிட்ட போய்ச் சொல்லிக்கிட்டிருப்பாங்களா?" முனீரா எழுந்தாள். எழும்போது முழங்கால் மளுக்கென்றது, இருவருக்குமே கேட்டது. "போன் வேணும்னா கேட்டிருக்கலாம். இப்போ பாரு, மூணு மாசமா நான் ஏறின படியெல்லாம் உன் கணக்குல. நாளைக்குக் காலையில வங்கிக்கு வா."

கேட்டிருக்கலாமாம். எதையும் விலை பேசாமல் கேட்டு வாங்க முடியும் என்று அல்மாசாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கேட்டால் அவர்கள் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டிவருமே என்றுதானே அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்காமலே சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பாக்கியைக் கட்டினாள். கட்டணம் நாலு மார்க் ஐம்பது, பேரம் பேசவில்லை. அய்லா ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி நீட்டினாள். "வாழ்த்துகள் மேடம். வீடு இனிமே முழுசா உங்களுது. வில்லங்கத்தை நீக்கப் பதிவகத்துல இதைக் கொடுங்க."

அல்மாசா காகிதத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே ஏதாவது பெரிதாக நடக்கும் என்று பதினோரு வருடமாக எதிர்பார்த்திருந்தாள். காலையில் காப்பித்தூளைப் புதிதாகப் போட்டிருந்ததால் நெஞ்சு கொஞ்சம் படபடத்தது, அவ்வளவுதான்.

பக்கத்து நாற்காலியில் முனீரா தன் கார் கடன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். துணைவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும், செத்துப்போன புருஷனை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டு, கோடு போட்டாள். அய்லா அதைப் பார்த்தாள்.

"ஜாமீன் ஒருத்தர் வேணும் மேடம்."

முனீரா தலையைத் திருப்பி அல்மாசாவைப் பார்த்தாள்.

"எனக்குத்தான் மாசச் சம்பளம் கிடையாதே," என்றாள் அல்மாசா அவசரமாக.

"சொந்த வீடு இருக்கே மேடம், வில்லங்கம் இல்லாம," என்றாள் அய்லா. "பதினோரு வருஷம் ஒரு தவணைகூடப் பிந்தினதில்ல. உங்களைவிட நல்ல ஜாமீன் எங்களுக்குக் கிடைக்கவே மாட்டாங்க."

அல்மாசா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். யாருக்கும் எதற்கும் பொறுப்பில்லாத ஆளாகப் பதினாலு நிமிடம் வாழ்ந்திருந்தாள். அதில் நாலு நிமிடம் காகிதத்தை மடிப்பதில் போய்விட்டது.

"எத்தனை வருஷம்?"

"ஆறு," என்றாள் முனீரா.

"மாசம் ஒரு பீத்தா. கீரை வச்சது."

"மாவு என்ன விலை விக்குதுன்னு தெரியுமா? ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு."

"அப்போ ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் ஜாமீன்."

முனீரா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அல்மாசா பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

அந்த வாரமே ஜெமாலுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இருபத்து மூன்று கடை, இருபத்து மூன்று தட்டு செவாப்பி. ஜெமால் தனக்கு மட்டும் இரண்டு வரவழைத்தார். ஒன்று இந்த வருடத்துக்கு, இன்னொன்று தாமதத்துக்கு வட்டி. பில்லைப் பார்த்த அல்மாசா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பிப்ரவரி நாலாம் தேதி அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு எண்ணை அழுத்தினாள்.

"கட்டினியா அக்கா?"

"நேத்தே கட்டியாச்சு."

"மாத்திரை போட்டியா? மூச்சு ஏன் வாங்குது? படி ஏறுறியா?"

"எங்கடி ஏறுறது? கார்ல உக்காந்திருக்கேன். ராத்திரி பெஞ்ச பனி உறைஞ்சு கிடக்கு, வீட்டுப் பக்கத்துச் சரிவுல சக்கரம் சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது."

"ஐயோ, ஓட்டாதே. உருண்டு போயிடும். இறங்கு."

"இறங்கி?"

"நட."

"எந்த முழங்காலால?"

அல்மாசா யோசித்தாள். ஓட்டினாலும் ஆபத்து, நடந்தாலும் ஆபத்து. எது நடந்தாலும் எட்டாயிரம் மார்க். பதினோரு வருடமாக முனீரா எதைச் சுமந்துகொண்டு மலை ஏறினாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அங்கயே உக்காந்திரு அக்கா. ஹீட்டரைப் போட்டுக்கோ. எதையும் தொடாதே, யாரையும் திட்டாதே, ரத்த அழுத்தம் ஏறும். உன் மேல இன்னும் அஞ்சு வருஷம் பதினோரு மாசம் பாக்கி இருக்கு. நான் வந்துட்டிருக்கேன்."

உறைந்த பனியைக் கரைக்க ஒரு பை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு இறங்கினாள். நடந்தால் முக்கால் மணி நேரம். நிறுத்தத்தில் டிராம் நின்றுகொண்டிருந்தது. அல்மாசா ஏறி, டிரைவரிடம் டிக்கெட் கேட்டாள்.

"ஒண்ணு எண்பது," என்றார் அவர்.

கொடுத்தாள்.